முதல் ஆறு வரிசை

முதல் ஆறு வரிசைதான் வாடிக் கிடந்தது. ஏழாவது வரிசை தொடங்கிப் பதினாலாவது வரைக்கும் ஒரு இலைகூடத் தொங்கவில்லை. முலாம்பழக் கொடியெல்லாம் நூலைப் பிடித்துக்கொண்டு பசுமைக்குடிலின் கூரைக்கம்பி வரை ஏறி, முஷ்டியளவு காயோடு ஜம்மென்று நின்றது. கண் உள்ள எவருக்கும் இது தெரியும். பூச்சிமருந்துக் கடைக்காரருக்கும் தெரிந்தது. ஆனால் மனிதர் ஒரு இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் பிடித்து, மோந்து பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"ஒட்டு சரியில்லைங்க."

ஊரில் அவரை டாக்டர் என்பார்கள். கிண்டல்தான். எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் அவர் கடையிலிருந்து அதே பச்சைப் பாட்டில்தான் வெளியே வரும். இன்றைக்கு அந்தப் பாட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார். அப்படியென்றால் இதற்கு மருந்தே இல்லை என்று அந்த வீட்டு நாலு பேருக்கும் புரிந்தது.

"வேரு பூசணி, தலை முலாம். ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்? காயில வெயிட் ஏறுற வரைக்கும் தாங்கும், அப்புறம் படுத்துரும். இன்னைக்கு ஆறு வரிசை. அடுத்த வாரம் மிச்சம்" என்றார் டாக்டர்.

அண்ணன்காரர் தம்பியைப் பார்த்தார். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், குரலை இறக்குவார். அதுதான் பயம்.

"கேட்டியா? சாப்பிட்டதும் மொத்தக் குடிலையும் பிடுங்குறோம். பதினாலு வரிசையும். நீ உன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. அவ வேலை பார்த்த நர்சரிக்கே போங்க. அங்க ஒட்டுங்க, வெட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. இந்த எடத்துல இனிமே அவ கை படக் கூடாது."

"அண்ணே, நல்லா இருக்கற எட்டு வரிசையை எதுக்கு..."

"சொல்லிட்டேன்."

தம்பிக்காரன் அதற்குமேல் பேசவில்லை. அவன் எப்போதுமே அப்படித்தான். பேச ஆரம்பிப்பான், முடிக்கமாட்டான். முடித்து வைக்கிறவள் அவன் பெண்டாட்டி. அவள் குடில் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் வாசற்கம்பியின் மேல். உள்ளே வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"மாமா, பதினாலும் ஒரே ஒட்டு. ஒரே விதை, ஒரே கை. ஒட்டு தப்புன்னா அங்கங்க வாடணும். வரிசையா ஆறு எப்படி வாடும்?" என்றாள் அங்கிருந்தபடியே.

இதற்குப் பதில் சொன்னவள் அண்ணன்காரரின் மனைவி, இந்த வீட்டின் மூத்தவள். மூன்று நாளாகவே அந்தப் பதிலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள்.

"முதல் நாள் கட்டின ஒட்டு முதல் ஆறு வரிசைக்குப் போச்சு. அன்னைக்குக் கை ஓடலை உனக்கு. ரெண்டாம் நாள்தான் பழகுச்சு. இதுல என்ன பெரிய ரகசியம்?"

டாக்டர், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். வாசலில் நின்றவளின் முகம் அப்படியே சுண்டிவிட்டது.

"எனக்கா கை பழகலை? ஒன்பது வருஷம் நர்சரியில இதே வேலைதான்க்கா."

"அந்த நர்சரிச் செடி எங்க எங்க வாடிச்சோ, யார் போய்ப் பார்த்தா?"

மூத்தவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. பொய் சொல்வானேன், அவளுக்கு இளையவளைப் பிடிக்காது. வந்த நாளிலிருந்தே பிடிக்காது. இவள் இருபத்திரண்டு வருஷம் மண்ணில் முட்டி தேய உட்கார்ந்து வளர்த்த குடிலில், நேற்று வந்தவள் ஒரு பாதி பிளேடை வைத்துக்கொண்டு நாட்டாமை பண்ணினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

நடந்தது இதுதான். இரண்டு பருவம் தொடர்ந்து முலாம்பழம் மண்ணோடு போய்விட்டது. காய் பிடிக்கும் வரைக்கும் செடி ராணி மாதிரி நிற்கும். அப்புறம் ஒரு நாள் உச்சி வெயிலில் தொங்கும், சாயங்காலம் நிமிரும், மறுநாளும் தொங்கும், மூன்றாம் நாள் நிமிராது. தண்டைக் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு. வாடல் நோய். அது மண்ணுக்குள் குடி வந்துவிட்டால் லேசில் காலி பண்ணாது.

அப்போதுதான் இளையவள் வாயைத் திறந்தாள். முலாம் வேரைத்தான் அந்த நோய் தின்னும், பூசணி வேரை ஒன்றும் செய்யாது, அதனால் பூசணிக் கன்றின் தலையைச் சீவிவிட்டு முலாம் தளிரை அதில் ஒட்டுக் கட்டினால் தப்பிக்கலாம் என்றாள். மூத்தவள் குறுக்கே விழுந்து தடுத்தாள். பழத்தில் பூசணி வாசம் வரும், எவன் வாங்குவான் என்றாள். வீட்டில் பதினைந்து நாள் இதே சண்டை. கடைசியில் அண்ணன்காரர், வேறு வழி தெரியாமல், ஒரே ஒரு பருவம் என்று ஒப்புக்கொண்டார்.

மூத்தவள் அன்றைக்கே ஒரு கோடு போட்டுவிட்டாள். "நாத்துக்கொட்டகை உனக்கு. நான் எட்டிப் பார்க்கமாட்டேன். ஆனா செடி குடில் மண்ணுக்குள்ள போயிட்டா அது என் செடி. நீ காலை வைக்காதே."

சும்மா சொல்லக்கூடாது, இளையவள் அந்தக் கோட்டை மதித்தாள். ஐந்து மாதமாகக் குடில் வாசலைத் தாண்டியதில்லை. மூத்தவளும் நாற்றுக்கொட்டகைக்குள் நுழைந்ததில்லை. நுழையவில்லையே தவிர, வலைத்துணி வழியாகப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியுமா? முலாம் விதையை முதலில் போட்டு, நாலு நாள் கழித்துப் பூசணி விதையைப் போட்டாள் இளையவள். பூசணி அவசரக்காரி, கிடுகிடுவென்று வளரும், அதனால் பின்னால். இரண்டும் விதையிலை விரித்ததும், பூசணியின் ஒரு விதையிலையையும் நடுக்குருத்தையும் சேர்த்துச் சரிவாக ஒரே சீவு. முலாமை அடியில் சரிவாக ஒரே சீவு. இரண்டு காயத்தையும் ஒட்டவைத்து, பிள்ளைகளின் தலைக் கிளிப்பைவிடச் சின்னதாக ஒரு கிளிப். மூச்சுவிடும் நேரம்தான். பிளேடை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து அடுத்தது. பிறகு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் மூன்று நாள் இருட்டு, ஈரம். யாரையும் கிட்டே விடமாட்டாள். எண்ணூற்று நாற்பது கன்று கட்டியதில் செத்தது பதினெட்டோ பத்தொன்பதோதான். அந்த இடத்துக்கும் உபரிக் கன்று வைத்திருந்தாள். வலைத்துணிக்கு வெளியே நின்ற மூத்தவளுக்கு இதைப் பார்த்து வயிறெரிந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

கன்றுத் தட்டுகளைக் குடில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு இளையவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "அக்கா, ஒட்டு போட்ட எடம் மண்ணுக்கு மேல ரெண்டு விரல் தெரியணும். மண்ணு படவே கூடாது."

"செடி நடச் சொல்லித் தர்றியா எனக்கு?" என்று கேட்டாள் மூத்தவள். ஆனால் சொன்னபடிதான் நட்டாள்.

நட்டு முடித்த மறுநாள் இளையவளின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். இளையவள் அடித்துப் பிடித்து ஓடினாள். ஐந்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூத்தவள் குடிலுக்குள் தனியாக நின்றாள். தரை முழுக்க வெள்ளி நிற ஷீட், அதில் வட்ட வட்ட ஓட்டை, ஓட்டைக்கு ஒரு செடி. ஒவ்வொரு செடியும் கழுத்தை நீட்டிக்கொண்டு, கிளிப் விட்ட தழும்போடு, காற்றில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை அவளுக்கு. நட்ட செடிக்கு மண் அணைப்பதுதான் அவள் கை கற்ற வேலை. கழுத்துவரை மண்ணை அணைத்து இரண்டு கையாலும் அமுக்கிவிட்டால் செடி ஆடாது, அசையாது. அவள் அணைத்த செடி சாய்ந்ததாகச் சரித்திரம் இல்லை. நேற்று வந்தவள் சொன்னாள் என்பதற்காக அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டுமா?

கட்டிப்போடவில்லை. கூடையில் மண் அள்ளி வந்து, ஓட்டைக்கு இரண்டு கை மண் போட்டு, தழும்பு மறைய அணைத்தாள். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை. மூன்று நாளில் ஆறு வரிசை முடிந்தது. நாலாம் நாள் காலையில் இளையவள் ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டாள். மூத்தவள் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். மண் தீர்ந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மண் எங்கே தீர்ந்தது? குடிலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

இப்போது பிடுங்கச் சொல்லிவிட்டார் அண்ணன்காரர். டாக்டர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுப்படியில் இரண்டு பெண்களும் ஒரே அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மூத்தவள் சோறு வடித்தாள். இளையவள் முட்டை உரித்தாள். வெளியே அனல்காற்றில் குடிலின் பிளாஸ்டிக் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அக்கா, ஒரே ஒரு செடி. முதல் வரிசையில ஒண்ணை வேரோட தோண்டி நான் பார்க்கறேன். பார்த்துட்டுப் போயிடறேன்."

"பார்த்து?"

"என் ஒட்டு தப்பா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவர் சொல்லிட்டார். துணிமணியை எடுத்து வைக்கற வழியைப் பாரு."

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க இல்ல?"

"எனக்கென்னடி சந்தோஷம்? என் செடி சாகுது."

"உங்க செடி!" இளையவள் முட்டை ஓட்டைத் தொட்டியில் வீசினாள். "நல்லா இருந்தா உங்க செடி. செத்தா என் ஒட்டு. நல்லா இருக்குக்கா நியாயம்."

"வாயைக் குறை. ஒரு பருவம் கேட்ட, குடுத்தோம். வெளங்கலை. அவ்வளவுதான்."

"மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்லை, தெரியுமா? கண்ணை மூடினா பிளேடுதான் தெரியுது. எங்க தப்பு பண்ணினேன், எங்க தப்பு பண்ணினேன்னு... என் கையைப் பார்த்தா எனக்கே சந்தேகமா இருக்கு." குரல் உடைந்ததும் நிறுத்திக்கொண்டாள். இவள் முன்னால் அழக்கூடாது என்ற வைராக்கியம்.

மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுகளை எடுத்துப் போட்டாள். நாலு பேரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தின்று முடித்தார்கள்.

பிடுங்கும் வேலையை மூத்தவள்தான் முதலில் ஆரம்பித்தாள். தன் செடியைத் தானே எடுக்க வேண்டும் என்று தனியாக வந்துவிட்டாள். உள்ளே அடுப்புக்குள் நுழைந்த மாதிரி வெக்கை. முதல் வரிசை முதல் செடியின் நூலை அவிழ்த்து, அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வாடிய செடி கையோடு வரும் என்பது அவள் அனுபவம். இது அசையவே இல்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, மண்ணைக் கிளறி, இரண்டு கையும் விட்டு மொத்தமாக அள்ளித் தூக்கினாள்.

தூக்கியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் செடிக்கு இரண்டு அடுக்கு வேர். அடியில் பூசணி வேர், வெள்ளை வெளேரென்று, விரல் தடிமனுக்கு, பால் குடித்த பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. அதற்கு ஒரு சொட்டுக் கேடு இல்லை. மேலே, ஒட்டுத் தழும்புக்கும் மேலே, அவள் அணைத்த மண் பட்ட இடத்திலிருந்து, முலாம் தானாகவே வேர் விட்டிருந்தது. கொத்துக் கொத்தாக. அந்த வேர் முழுக்கப் பழுப்பு, அழுகல், தொட்டால் தோல் உரிந்தது. நகத்தால் தண்டைக் கீறினாள். தழும்புக்கு மேலே பழுப்புக் கோடு. கீழே பச்சை.

இரண்டாவது செடியைத் தோண்டினாள். அதே. மூன்றாவது, நாலாவது... அதே, அதே. நோய்க்கு வாசலை அடைத்து வைத்தாள் இளையவள். இவள் மண்ணை அள்ளிப் போட்டுப் பக்கவாட்டில் இன்னொரு வாசல் திறந்துவிட்டிருக்கிறாள். முந்நூற்று அறுபது செடிக்கும்.

அடுத்து அவள் செய்தது நல்ல காரியம் இல்லை. தோண்டிய நாலு செடியின் மேல்வேரையும் வழித்துப் பிய்த்து, ஷீட்டுக்கு அடியில் சொருகினாள். மண் மேட்டைத் தள்ளிச் சமப்படுத்தினாள். யார் பார்த்தார்கள்? எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட்டால் முடிந்தது கதை. இளையவள் போய்விடுவாள். அடுப்பு இவளுக்கு, குடில் இவளுக்கு. ஐந்து மாதமாக எது வேண்டும் என்று நினைத்தாளோ அது கைக்கு வந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்த செடியின் நூலை அவிழ்த்தாள்.

அப்போது அண்ணன்காரர் உள்ளே வந்தார். பின்னால் தம்பி. வாசற்கம்பியில் அதே மாதிரி ஒரு காலை வைத்து இளையவள் நின்றாள். கையில் அவளுடைய பிளேடு டப்பா. கிளம்பத் தயாராகிவிட்டாள் போல.

"நீ அந்தப் பக்கமே பாரு. நான் இங்கேருந்து வர்றேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு அண்ணன்காரர் ஏழாவது வரிசைக்குப் போனார். போனவர் நின்று யோசிக்கக்கூட இல்லை. முதல் கொடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரே இழு. நூல் அறுந்தது. பச்சைக் கொடி சரசரவென்று இறங்கி அவர் காலடியில் விழுந்தது. ஒரு காய் தெறித்து ஷீட்டில் உருண்டு வந்து மூத்தவளின் முட்டியில் இடித்து நின்றது. தோலில் அப்போதுதான் வலை மாதிரிக் கோடு விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் பழுத்திருக்கும்.

அவர் அடுத்த கொடியில் கை வைத்தார்.

"கையை எடுங்க!"

மூத்தவள் போட்ட சத்தத்தில் அவளுக்கே காது அடைத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் புருஷனைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது இளையவளுக்காக இல்லை. உயிரோடு நிற்கிற செடியை அவள் கண் முன்னால் பிடுங்குவதை அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"எடுங்கன்னேன்! அந்தச் செடிக்கு ஒண்ணும் இல்லை. ஒட்டுக்கும் ஒண்ணும் இல்லை. ஆறு வரிசைக்கும் நான்தான் மண்ணு அணைச்சேன்."

"என்னது?"

"ஒட்டு மறைய அணைச்சேன். முலாம் மேல வேர் விட்டுருச்சு. அந்த வேர் வழியா நோய் ஏறியிருக்கு. பூசணி வேர் நல்லாத்தான் இருக்கு. வந்து பாருங்க." ஷீட்டுக்கு அடியில் கை விட்டு, சற்றுமுன் ஒளித்த வேரை அள்ளி எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

அண்ணன்காரர் குனிந்து பார்த்தார். குரல் இறங்கியது. "மண்ணு படக்கூடாதுன்னு அவ சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"அப்புறம் ஏன்டி பண்ணின?"

"அவ சொன்னா நான் கேக்கணுமா? அதான் பண்ணினேன். போதுமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

இளையவள் வாசற்கம்பியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. முதல் வரிசைக்கு வந்து, தோண்டிப் போட்ட செடி ஒன்றை எடுத்து, தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டு கல் மாதிரி இறுகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், நிமிர்ந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எங்கம்மாவுக்கு நான் அங்க மூத்திரச் சட்டி தூக்கிக்கிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்க என் செடி கழுத்துல மண்ணை அமுக்கிக்கிட்டிருந்தீங்க."

மூத்தவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"காலையில டாக்டர் முன்னாடி, கை ஓடலைன்னீங்க. சோறு வடிக்கும்போது நான் கேட்டேனே, அப்பக்கூட வாயைத் திறக்கலை."

"அப்ப எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சப்புறம்? வேரை ஏன் ஷீட்டுக்கு அடியில வச்சீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள். தம்பிக்காரன், "விடும்மா" என்று ஆரம்பித்தான். "நீங்க சும்மா இருங்க" என்று முடித்து வைத்தாள்.

அண்ணன்காரர் கையில் சுற்றியிருந்த கொடியை உதறினார். தப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. "எட்டு வரிசை நிக்கட்டும்" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"ஆறுலயும் நிக்கறதைக் காப்பாத்தலாம்" என்றாள் இளையவள், அவர் முதுகைப் பார்த்து. பிறகு மூத்தவளிடம், "வெயில்ல தொங்கிச் சாயங்காலமும் நிமிராதது போச்சு. மத்ததுக்கு மண்ணை எடுத்துட்டு மேல் வேரை அறுக்கணும். பிழைக்கறது பிழைக்கட்டும்."

மூத்தவள் எழுந்து போய் அடுப்படியிலிருந்து காய்கறிக் கத்தியை எடுத்து வந்தாள்.

"அதைத் தூரப் போடுங்க. அழுக்குக் கத்தியை என் செடி கிட்டக் கொண்டு வராதீங்க. அறுக்கறது நான். நீங்க மண்ணை மட்டும் எடுங்க."

என் செடி. குடில் மண்ணுக்குள் நின்றுகொண்டு, மூத்தவளைப் பார்த்து, என் செடி. காலையாக இருந்தால் அந்த வாயைக் கிழித்திருப்பாள். இப்போது கத்தியை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு வந்து முட்டி போட்டாள். அமுக்கி அணைத்த மண் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். பின்னாலேயே இளையவள், ஸ்பிரிட்டில் பிளேடை நனைத்து, அறுத்து, துடைத்து, மறுபடி நனைத்து வந்தாள்.

"ரெண்டு விரல்" என்றாள் நாலாவது செடியில்.

"எடுத்துட்டேனே."

"ஒண்ணரைதான் இருக்கு. இன்னும் எடுங்க."

எடுத்தாள். ஆறு வரிசையும் முடிக்க மூன்று நாள் ஆனது. அணைக்கவும் அதே மூன்று நாள்தான் ஆனது. அந்த மூன்று நாளும் இருவரும் பேசியது, ரெண்டு விரல், இன்னும், போதும், இவ்வளவுதான்.

ஆறு வரிசையில் தொண்ணூற்று நாலு செடி பிழைத்தது. எட்டு வரிசை, பிடுங்கிய அந்த ஒரு கொடி போக, முழுசாகப் பழுத்தது. முதல் பழத்தை மூத்தவள் அடுப்படியில் நின்றபடியே அறுத்துத் தின்றாள். பூசணி வாசம் வருகிறதா என்று நாக்கில் வைத்து மனப்பூர்வமாகத் தேடினாள். வரவில்லை. நல்ல இனிப்பு. அது வேறு எரிச்சலாக இருந்தது.

பழம் பறித்த பிறகும் அடுப்பு ஒன்றுதான், முதுகு இரண்டுதான். ஒரு சமாதானமும் நடக்கவில்லை. யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. டாக்டர் மட்டும் ஒரு நாள் வந்து, ஒட்டு அருமைங்க என்று சொல்லி, டீ கிடைக்காமல் போனார்.

அடுத்த பருவத்துக்குப் பூசணி விதையிலை விரித்த அன்று, காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், மூத்தவள் நாற்றுக்கொட்டகை வாசலில் வந்து நின்றாள். இளையவள் பலகை முன்னால் உட்கார்ந்து பிளேடைப் பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை ஆயிரத்து இருநூறு கன்று. தனி ஆளால் முடிகிற காரியம் இல்லை. வெளி ஆளைக் கூப்பிடப் போவதாகத் தம்பிக்காரன் சொல்லியிருந்தான்.

மூத்தவள் ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைத்தாள். உள்ளே வைக்கவில்லை.

"உள்ள வரலாமா?"

இளையவள் தலை நிமிரவில்லை. பூசணிக் கன்று ஒன்றை எடுத்தாள், சரிவாக ஒரு சீவு சீவினாள், முலாமைப் பொருத்தினாள், கிளிப்பைப் போட்டாள். அதைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க. நகத்துல மண்ணு இருக்கு."

மூத்தவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, ஒவ்வொரு நகமாகத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.